உறுமலுக்கு ஓர் அட்டைப்படம்

ர்ர்ர்ரூம்ம்...

சுங்கை பட்டாணியில் ஓர் அச்சுக் கடை. போன வாரம், மத்தியான வெயில் கண்ணாடிக் கதவில் வந்து சாய்ந்திருந்த நேரம். கடைக்காரர் என் காகிதத்தை லேமினேட் மெஷினின் வாயில் வைத்தார். சூடான உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுத்தன. இழுக்கும்போது அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது மெஷின் — ர்ர்ர்ரூம்ம்...

எனக்குக் கைமுடியெல்லாம் எழுந்து நின்றுவிட்டது.

கடைக்காரர் பயந்துபோனார். சூடு பட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சூடுதான்... ஆனால் மெஷின் சூடு இல்லை. கரங்கானில் ஒரு காலை நேரம், பழைய பேப்பரைக் கொளுத்தி மேளத்தோலைக் காய்ச்சினார்களே, அந்தச் சூடு.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. போன வருடம் நீச்சல். அதற்கு முன்னால் கேக் அலங்காரம். தண்ணீரும் என்னைத் தாங்கவில்லை, கேக்கும் என்னைத் தாங்கவில்லை. இந்த வருடம் சனிக்கிழமைகளில் டிசைன் வகுப்பு. ஆமாம், இந்த வயதில்தான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடுகிறார்கள். மௌசைத் தொலைத்தால் எடுத்துக் கொடுக்கிறார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் அதே முகத்தோடு.

எங்கள் ஆசிரியை நஸ்ரின். என்னைவிட ரொம்பச் சின்னவர். சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். மூன்று தலைமுறையாகக் கறி ஆக்குகிறவர்கள் வீட்டில் முதன்முதலாக வண்ணம் குழைக்க வந்தவர் இவர். வகுப்புக்கு வெளியே என்னை அக்கா என்பார். வகுப்புக்குள்ளும் அக்காதான், ஆனால் அந்த 'அக்கா'வில் கொஞ்சம் பிரம்பு இருக்கும்.

அவர் கொடுத்த இறுதி வேலை இது — ஓர் இசைப் பத்திரிகையை வடிவமைக்க வேண்டும். அட்டை, உள்ளடக்கப் பக்கம், நடுவில் விரிகிற இரட்டைப் பக்கம். எந்த இசையாக இருந்தாலும் சரி.

பிள்ளைகளில் பாதிப் பேர் கொரியப் பாட்டுக்குப் பறந்துவிட்டார்கள். ஒருவன் ராப். ஒருத்தி கித்தார். நான் கையைத் தூக்கி, உறுமி மேளம் என்றேன்.

நஸ்ரின் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "கோவில்ல அடிப்பாங்களே... அதா?"

"அதேதான்."

எனக்கு ஏன் உறுமி? அதற்குக் காரணம் லோகா.

லோகேஸ்வரி எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பின்வரிசை வீட்டில் இருப்பவள். முப்பதைத் தாண்டியவள். கூலிமில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டர். நான் காலையில் நடக்கப் போகும்போது அவள் இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவாள். கண் பாதி மூடியிருக்கும். ஆனால் காதில் இயர்ஃபோன் இருக்கும். தொடையில் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்குகிற உடம்பில் அந்த விரல்கள் மட்டும் விழித்திருக்கும்.

ஒரு நாள் கேட்டே விட்டேன், அப்படி என்னதான் கேட்கிறாய் என்று. ஒரு இயர்ஃபோனைக் கழற்றி என் காதில் சொருகினாள்.

ஐயோ... என்னவென்று சொல்ல? பூமிக்குள் யாரோ பெரிய மரக்கதவை இழுத்துத் திறப்பதுபோல ஓர் உறுமல். அதன் மேல் தாளம் மழையாகப் பெய்கிறது. விடிந்தும் விடியாத அந்தத் தாமான் ரோட்டில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

உறுமியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. இடுப்பு சிறுத்த மேளம். இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது கிளம்புவதுதான் அந்தச் சத்தம். அடி வாங்கினால் எல்லாத் தோலும் பேசும். தடவிக் கொடுத்தால் உறுமுவது இது ஒன்றுதான்.

லோகா இருப்பது கரங்கான் பக்கத்து 'இடிமழை' உறுமி மேளக் குழுவில். தலைமை குமரேசன். கூலிமில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மேளத்தில் தவில். மற்றவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை, ஒருவர் லாரி, ஒருவர் டாயர் கடை. இதில்தான் எனக்கு முதல் ஆச்சரியம். ஒருத்தர் ஷிஃப்டுக்குப் போகும்போது இன்னொருத்தர் திரும்பி வருகிறார். ஒருவருக்கு லீவு கிடைத்தால் இன்னொருவருக்கு ஓவர்டைம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பது நடக்காத காரியம். அப்புறம் எப்படிப் பயிற்சி?

வாட்ஸ்அப்பில்.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

புது அடவு, அதாவது தாளக் கோர்வை, ஒன்று வந்தால் குமரேசன் அதைத் தவிலில் வாசித்துக் குரல் பதிவாகக் குழுவில் போடுவார். அதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் அவரவர் மேளத்தை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஒருவர் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் காடியை, அதாவது காரை, நிறுத்தி. ஒருவர் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. லாரிக்காரர் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில். அவர் பதிவில் பின்னால் யாரோ தே தாரிக் டீ கேட்கிற சத்தமும் வரும். இப்படித் துண்டுத் துண்டாக. திருவிழாக் காலையில்தான் எல்லாரும் ஒன்றாக நின்று, முதல் தடவையாக, அந்த அடவை முழுதாக வாசிப்பார்கள். சாமிக்கு முன்னால்.

"அது எப்படி லோகா சேரும்? சேரலைன்னா?"

"சேந்துரும்க்கா."

அவ்வளவுதான் பதில். மழை பெய்யும் என்று சொல்வது மாதிரி.

இந்தப் பெண்ணைத்தான் அட்டையில் போடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இருந்தது.

அதுவரை உறுமி வாசித்தவர் வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டார். தப்பு மேளம் வாசித்துக்கொண்டிருந்த லோகாவின் கையில் குமரேசன் உறுமியைக் கொடுத்தார். மேளத்தைத் தொடங்கி வைப்பது உறுமிதான். அது எடுத்துக் கொடுக்க, பின்னால் மற்றதெல்லாம் வரும். அந்த இடத்தில் இதுவரை ஒரு பெண் நின்றதில்லை.

அவர்கள் வருடாவருடம் வாசிக்கும் கோவிலின் தலைவர் பெருமாள் ஐயா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னும் குரல் ஓய்வு பெறவில்லை. அவர் குமரேசனிடம் சொல்லிவிட்டாராம். ஊர்வலம் கெட்டுப்போனால் அடுத்த வருடம் பினாங்குப் பக்கமிருந்து வேறு மேளம் கூப்பிட வேண்டியிருக்கும், ஏற்கனவே அவர்கள் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று. பொம்பளைப் பிள்ளை என்பதற்காக இதைச் சொல்லவில்லை என்றும் சொன்னாராம். யாரும் கேட்காமலே. இரண்டு தரம்.

ஆக, லோகாவின் கையில் இருந்தது வெறும் குச்சி இல்லை. அவளுடைய இடம். அதோடு, அவளை நம்பிய அத்தனை பேரின் இடம்.

அதனால் அவள் என்னிடம் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"நல்லா வாசிச்சா என் மூஞ்சியப் போடுங்கக்கா. சொதப்பிட்டேன்னா வேணாம். சரியா?"

சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

இதற்கிடையில் நான் என் முதல் அட்டையைச் செய்து முடித்திருந்தேன். அடடா... என்ன ஒரு அட்டை! நடுவில் நெருப்பு. மேலே 'உறுமல்' என்று பத்திரிகையின் பெயர். வலப்பக்கம் தலைப்புகள், இடப்பக்கம் தலைப்புகள், கீழே ஒரு கவிதை, கவிதைக்குக் கீழே அந்தக் கவிதைக்கு ஒரு விளக்கம். வகுப்பில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன்.

நஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அக்கா, நிறையப் படிக்கிறேன். ஒண்ணும் கேக்கலியே."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே? வாராவாரம் வார்த்தையால் பக்கத்தை நிரப்பிப் பிழைக்கிறவளிடம், வார்த்தையை எடு என்றால்? மீனிடம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்பது மாதிரி இல்லையா? வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தலைப்பை எடுத்தேன். கொஞ்சம் அழுகை வந்தது. திரும்பவும் வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தத் திருவிழாக் காலை வந்தது.

கரங்கானைத் தாண்டி உள்ளே போனால் செம்பனைக்கு நடுவில் ஒரு கோவில். பால்குடம் ஆற்றங்கரையிலிருந்து புறப்படும். நான் கேமராவோடு போய்ச் சேர்ந்தபோது பனியும் சாம்பிராணியும் கலந்து, மரங்கள் எல்லாம் முழங்கால் வரை காணாமல் போயிருந்தன. மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாக. தலையில் குடம். ஆற்றுத் தண்ணீர் யாரையும் அவசரப்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது.

மேளக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் காடிக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றினார்கள். ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே நாசி லெமாக் சோறு சாப்பிட்டார். கைகுலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். இத்தனை நாளும் ஒருவர் வாசிப்பை ஒருவர் காதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள், முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள்.

பழைய பேப்பரைக் கொளுத்தினார்கள். தோலை நெருப்புக்குக் காட்டினார்கள். காட்டக் காட்டத் தோல் இறுகும்; விரலால் சுண்டிப் பார்ப்பார்கள்; திரும்பவும் காட்டுவார்கள். அந்த வாசம்... எரிந்த பேப்பர், சூடான தோல், ஈர மண், மல்லிகை. ஒரு பத்திரிகையில் எப்படி வைப்பது இந்த வாசத்தை? எந்த எழுத்துருவில்?

லோகா உறுமியைத் தோளில் மாட்டினாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

பெருமாள் ஐயா வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டோடு ஊர்வலத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். திரும்பி ஒரு பார்வை. குமரேசன் தலையசைத்தார்.

லோகா குச்சியைத் தோலில் வைத்து இழுத்தாள்.

அந்த உறுமல் என் காதில் நுழையவில்லை. பாதம் வழியாக ஏறியது. ஆற்றங்கரை மண்ணே பேசியது போலிருந்தது. குடம் ஏந்திய பெண்கள் கண்ணை மூடினார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை உறும விட்டு, பிறகு அவள் அடவை எடுத்தாள்...

எனக்கு மேளம் தெரியாது. ஆனால் முகம் தெரியும். குமரேசனின் புருவம் மேலே போனதைப் பார்த்தேன். தப்பு வாசிப்பவர் லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர் குமரேசனைப் பார்த்தார். ஏதோ நடந்துவிட்டது. என்னவென்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவள் எடுத்தது அந்த அடவுதான், ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் வேகம்! அவர்கள் பயின்ற வேகம் அதில்லை. நடக்க வேண்டிய அடவு ஓடுகிறது.

அவளுக்கும் புரிந்துவிட்டது. கையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஊர்வலமே நின்றுவிடும். கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி குமரேசனைத் தேடியது.

அந்த நொடியில் நான் படத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. விரல் தானாக அழுத்தியது.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பயின்ற வேகத்தில் கச்சிதமாக நுழைந்திருக்கலாம். அவள் தடுமாறித் தன் வேகத்தைக் குறைத்திருப்பாள். தப்பு யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அப்படிச் செய்திருந்தாலும் யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் விரல் அழுத்திய அதே நொடியில் குமரேசனின் தவில் பாய்ந்தது.

பாய்ந்தது என்றால் பாய்ந்ததுதான். ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவன் மாதிரி அவள் வேகத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த சுற்றில் தப்பு ஏறிக்கொண்டது. பிறகு ஜால்ரா, பிறகு எல்லாம். ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. குளியலறையும் காடியும் நெடுஞ்சாலையும் ஒரே மூச்சாகி, செம்பனைக்கு நடுவில் இடி இறங்கியது. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. கிளம்பியது என்ன, பறந்தது! பால்குடப் பெண்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. குடம் தளும்பவில்லை, ஆனால் கொலுசு ஓடியது. முன்னால் பெருமாள் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். துண்டு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போய், பிறகு கைக்கு வந்துவிட்டது. நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடினேன். நீச்சல் கைவிட்ட உடம்பு இது. ஆனாலும் ஓடினேன். நெஞ்சில் மேளம் அடித்தது — வெளியே அடித்ததா உள்ளே அடித்ததா, தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன். இசை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அன்றைக்குத்தான்.

கோவிலை அடைந்து மேளம் நின்றதும் ஒரு நிசப்தம். காது கூசுகிற நிசப்தம்.

லோகா உறுமியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். யாரும் கிட்டே போகவில்லை. குமரேசன் மட்டும் போனார். அவள் அருகில் குந்தி உட்கார்ந்து, எங்கே உன் போனைக் கொடு என்றார். அவர் அனுப்பிய பதிவைத் தட்டினார். தவில் ஓடியது. திரையைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

குரல் பதிவுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம். அதற்குள்: 1.5x.

மகனின் பள்ளி ஆசிரியை நீளநீளமாகப் பேசி அனுப்புகிறார் என்று என்றைக்கோ ஒன்றரை மடங்கு வேகத்தில் தட்டிவிட்டிருக்கிறாள். அது அப்படியே நின்றுவிட்டது. அம்மாவையும் ஒன்றரை வேகத்தில்தான் கேட்டிருக்கிறாள். மாமியாரையும். சூப்பர்வைசரையும். வேகத்தைக் கூட்டினால் குரல் மாறுவதில்லை அல்லவா, சந்தேகமே வரவில்லை. மேளத்தையும் அப்படியே, பஸ்ஸில் தூங்கி விழுந்தபடியே, விரல்நுனியில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். அவளும் பதிவு அனுப்பத்தான் செய்தாள், உறுமல் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னத் துண்டுகளாக. முழு அடவையும் வாசித்து அனுப்ப வழியில்லை. அடுத்த வீட்டில் கைக்குழந்தை.

லாரிக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"அதான பாத்தேன். தங்கச்சி எங்கள ஜிம்முக்குல்ல கூட்டிட்டுப் போயிருக்கு."

அப்புறம் எல்லாருக்கும் சிரிப்பு. லோகாவுக்கு மட்டும் வரவில்லை.

நான் குமரேசனைத் தனியாகப் பிடித்தேன். எனக்குக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. வேகம் தப்பு என்று தெரிந்தும் ஏன் போனீர்கள்? அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"அவள முன்னால தனியா ஓட விட்டுட்டு நாங்க சரியா வாசிச்சா... அது மேளமாக்கா?"

அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெருமாள் ஐயா வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். லோகாவும் எழுந்தாள். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்தார். பினாங்கு மேளம் அந்தப் பார்வைக்குள் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"அடுத்த வருஷமும் இதே வேகம்தானா?"

லோகா குமரேசனைப் பார்த்தாள்.

"இதேன்னா இப்பவே சொல்லிடு தாயி. நான் காடியில வந்துர்றேன்."

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அன்னதானப் பந்தல் பக்கம் போய்விட்டார். கால் கொஞ்சம் நொண்டியது. அவருக்குப் பின்னால் எழுந்த சிரிப்பில் இந்த முறை லோகாவும் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? இடம் நிலைத்துவிட்டது, மேளம் நிலைத்துவிட்டது, அட்டையில் முகத்தைப் போட்டுவிட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். லோகா தலையை ஆட்டிவிட்டாள். சொதப்பினால் முகம் வேண்டாம் என்றுதானே பேச்சு? ஊருக்கு நன்றாக இருந்தது, அவளுக்குத் தெரியுமே அது தப்பென்று. நான் கெஞ்சினேன், வாதாடினேன், குமரேசனிடம் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

ஆக, சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் என்னிடம் முகமில்லாத ஒரு பத்திரிகை.

திரையில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோகா, உறுமி, பின்னால் நெருப்புப் புகை, மஞ்சள் சேலைகள். சும்மா ஓரங்களை வெட்ட ஆரம்பித்தேன். சேலைகள் போயின. புகை போனது. உறுமியே போனது. இன்னும் வெட்டினேன். நெற்றி போனது, வாய் போனது. அட்டையின் அகலம் முழுக்கக் கண்கள் மட்டும் மிஞ்சின. பக்கவாட்டில் திரும்பி யாரையோ தேடுகிற இரண்டு கண்கள். தவறு செய்துவிட்டேன் என்று தெரிந்த கண்கள்... அதே நொடியில், தன் பின்னால் ஒரு தவில் பாய்ந்து வருவதைக் கேட்டுவிட்ட கண்கள்.

பயமும் பரவசமும் ஒரே கண்ணில். அந்தப் படத்தில் மேளம் இல்லை. ஆனால் கேட்டது.

தலைப்புகளை எடுத்தேன். வலப்பக்கம், இடப்பக்கம், கவிதை, கவிதைக்கு விளக்கம்... எல்லாவற்றையும். இந்தத் தடவை அழுகை வரவில்லை. 'உறுமல்' என்ற ஒரு சொல் மட்டும் மேலே நின்றது.

லோகாவுக்கு அனுப்பி, இது முகத்தில் சேர்த்தியா என்று கேட்டேன். அவள் வேலையைப் பற்றிச் சொன்னேனா? தூசு படாத அறையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். கூட வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு மூக்கு எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்று முன்பொரு முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. சின்னதுதான்.

"மூஞ்சி இல்லக்கா, கண்ணுதானே... போட்டுக்குங்க."

அதன்பிறகு நடு இரட்டைப் பக்கத்துக்கு வழி தானாகத் திறந்தது. ஊர்வலப் படங்களைச் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி நிறுத்தினேன். செம்பனைக்கு நடுவில் விழுந்த வெயில் கோடுகள் மாதிரி. இடது ஓரத்தில் பட்டைகளுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை இடைவெளி. போகப் போக இடைவெளி குறையும். வலது ஓரத்தில் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு ஓடும். எழுத்து? கீழே ஒரே ஒரு வரி, குமரேசன் என்னைக் கேட்ட அந்தக் கேள்வி.

சனிக்கிழமை வகுப்பில் திரையில் போட்டேன். நஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகுதான் கவனித்தேன். கட்டியிருந்த கையில் நஸ்ரினின் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. இடதிலிருந்து வலதுக்குக் கண் போகப் போக, மெதுவாக ஆரம்பித்து, வேகமாக... வேகமாக...

ஒரு காகிதம் ஒருவரின் விரலை ஆட்டுமா? இத்தனை வருடம் எழுதுகிறேன், இதை நான் பார்த்ததில்லை.

அதைத்தான் போன வாரம் அச்சடித்தேன். அந்த லேமினேட் மெஷின் உறுமியது அந்தக் கண்களை விழுங்கும்போதுதான். இப்போது புரிகிறதா எனக்கு ஏன் கைமுடி நின்றது என்று?

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் எங்கள் தாமான் பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன். லோகா இரவு ஷிஃப்டுக்குப் புறப்பட்டு நின்றாள். கூட வேலை செய்யும் பெண்கள் சிலரும் நின்றார்கள். நான் அவள் கையில் கொடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற மலாய்க்கார அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர் இல்லை, முகம் இல்லை, மேளம் இல்லை அந்த அட்டையில்.

"ஏ... மாத்தா லோகா லா இது!"

மாத்தா என்றால் மலாயில் கண். லோகாவின் கண். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த அக்கா. பத்திரிகை கை மாறியது. ஒவ்வொருத்தியும் பார்த்து, லோகாவைப் பார்த்து, திரும்பவும் பார்த்தார்கள். வெள்ளை உடுப்புக்குள் நின்று வருடக்கணக்காக ஒருவர் கண்ணை ஒருவர் படித்தவர்கள். இந்த ஊரிலேயே என் அட்டையைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

லோகா அதைக் கடைசியாக வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் போன் முனகியது. குமரேசனின் புதுப் பதிவு, அடுத்த திருவிழாவுக்கு. அவள் முதலில் அந்தச் சின்ன வட்டத்தைத் தட்டி, திரும்பவும் தட்டி, 1x என்று வந்த பிறகுதான் இயர்ஃபோனைச் சொருகினாள்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. இந்த வாரம் பத்தியில் உன்னைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன். பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் ஏறினாள். கதவு மூடுவதற்கு முன்னால் திரும்பினாள்.

"எழுதுங்கக்கா. ஆனா படிக்கிறவங்ககிட்ட சொல்லிருங்க... மெதுவாப் படிக்கச் சொல்லி."